சோப்பு டப்பாவில் ஒரு சிவப்பு பல்பு

லூர்துவுக்கும் அவன் மனைவி பிலோமினாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. குழந்தை பிறந்ததும் லூர்து பழைய செல்போன் மைக்கை சோப்பு டப்பாவுக்குள் பொருத்தி, சிவப்பு பல்போடு தொட்டிலுக்கு மேலே கட்டினான். குழந்தை அழுதால் பல்பு எரியும். பார்த்தவர் ஓடிப்போய்த் தூக்குவார்.

ஒருநாள் பல்பு ஃபியூஸ் போனது. லூர்து புதியது வாங்கி வந்தபோது, தொட்டிலருகே நின்ற பக்கத்து வீட்டு மரகதம் அவர்களுக்குப் புரியும்படி உதடுகளை நிதானமாக அசைத்துச் சொன்னாள்: "அழ ஆரம்பிக்குது. பல்பைப் பாக்குது. எரியலைன்னதும் நிறுத்திக்குது."

லூர்து புதிய பல்பைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு, பழையதைக் கழற்றிக் கையை நீட்டினான். பிலோமினா புதியதைத் தரவில்லை. அதை இறுகப் பிடித்தபடி குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வெறும் ஹோல்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.