வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

சிட்லபாக்கத்தில் குடியை நிறுத்த வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியின் கேட் முன்னால் பிளீச்சிங் பவுடர் கோடாய்க் கிடக்கிறது. பகல் வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் குத்துகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாகக் குப்புராஜ். அவனைத் தாங்கிக்கொண்டு பெண்டாட்டி தையல்நாயகி. ஐயப்பனுக்கு மாலை போட்டால் குடி நின்றுவிடும் என்று இவள்தான் போட வைத்தாள். மூன்று நாளாய் ஒரு சொட்டு இல்லை. கை கால் வெடவெடக்கிறது, வாந்தி நிற்கவில்லை. "ஊரெல்லாம் காலரா கீது சாமி. அது இல்லேன்னு பெரியாஸ்பத்திரில சீட்டு வாங்கினு வா" என்கிறார் வாட்ச்மேன், கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "காலரா இல்லண்ணா, குடிய வுட்டதால வர்ற நடுக்கம். அதுக்குத்தானே இட்டாந்தேன்!" "வாந்தி எடுக்கிற ஆள வுடக்கூடாதுன்னு ஆர்டரும்மா." பூட்டு விழுகிறது. தெருமுனையில் ஆட்டோ மைக், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிக்கொண்டு போகிறது. குப்புராஜ் மார்பில் இல்லாத எறும்பைத் தட்டித் தட்டி விடுகிறான். "தையலு, ஒரு வாய் ஊத்தினா எல்லாம் நின்னுடும். அப்பால உள்ள வுட்ருவாங்க." எதிரே பிராந்திக்கடை திறந்திருக்கிறது. மாலையோடு அங்கே கால் வைக்க அவனுக்குப் பயம். கழற்றப் போன விரல்கள் நடுங்கி நடுங்கித் தவறுகின்றன. தையல்நாயகி கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளே மாலையைக் கழற்றி முந்தானையில் முடிகிறாள். மூன்று நாளாய்ச் சாமி என்று கூப்பிட்ட வாயால், "வாய்யா" என்று அவனை எதிர்ப்பக்கம் கூட்டிப்போகிறாள்.