தங்கூசித் தையல்

பிரதீப்குமார் கட்டிலில் படுத்துச் சேர்ட்டை உயர்த்தினான். வயது நாற்பத்தைந்து இருக்கும். வயிற்றுக்குத்து என்று சொல்லி புலம்பெயர்ந்தவர்கள் அதிகம் வரும் நோபல் பார்க் கிளினிக்குக்கு முதல் தடவையாக வந்திருந்தான்.

தொட்டுப் பார்க்கக் குனிந்த டொக்டர் ஜலால்தீனின் கை பாதியில் நின்றது.

நெஞ்சுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை ஒரு பழைய வெட்டு. இரண்டு பக்கமும் விரலகல இடைவெளியில் தடித்த புள்ளிகள். ஆஸ்பத்திரி நூல் அப்படித் தழும்பு விடாது. மீன்பிடிக்கிற நைலோன் இழையான தங்கூசி விடும்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு, வன்னி எல்லையில் ஒரு முகாமில் அவர் இராணுவ வைத்தியர். தையல் நூல் முடிந்துபோன வாரம் அது. தங்கூசியைக் கொதிநீரில் அவித்துப் பதினொரு பேரைத் தைத்தார். பத்துப் பேர் சிப்பாய்கள். ஒருவன் மட்டும் எதிர்த்தரப்பு. மீசை அரும்பாத பெடியன்.

“இது எங்க செஞ்சது?”

ஜலால்தீன் கேட்டார்.

“ஆமிக் காம்பில, டொக்டர். நான் மற்றப் பக்கம். காயத்தோட பிடிபட்டனான்.” பிரதீப்குமார் கூரையைப் பார்த்தபடி சொன்னான். “ரத்தம் முடிஞ்சு போச்சாம். அந்த டொக்டர் தன்ர கையிலயிருந்து ஒரு போத்தல் எடுத்துத் தந்துபோட்டுத்தான் வயித்தை வெட்டினவராம். நேர்ஸ் ஒராள் சொன்னவ.”



அன்றைக்கு ஜலால்தீனுக்கு மூன்று தரம் தலை சுற்றியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தைத்தார். நீ யாருடைய ஆள் என்று வெளியே நின்ற சிப்பாய்கள் கேட்டார்கள். அந்த வருடமே வேலையை விட்டார். மனைவி ரைஹானாவுக்குக்கூட ஏனென்று சொன்னதில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெடியனை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனான் என்பது அவருக்குத் தெரியாது. பல வருடம், நோயாளிகளின் வயிற்றைத் தொடும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து போகும்.

நான்கு இடத்தில் அழுத்திப் பார்த்தார். வயிறு பஞ்சு போல இருந்தது. கடைசித் தழும்பில் விரல்கள் தேவைக்கு மேல் ஒரு கணம் தங்கின.

“ஒண்டுமில்ல. நல்லா இருக்கிறீங்க.”

“ஓம் டொக்டர். நல்லா இருக்கிறன்.”

எழுந்து சேர்ட்டைச் சரிசெய்தான். மருந்து கேட்கவில்லை. அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, விடாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போய்விட்டான்.

வரவேற்பில் இருக்கும் ஷம்லா படிவத்தோடு உள்ளே வந்தாள்.

“டொக்டர், இவர்ட அட்ரஸ் பாத்தீங்களா? கிரவீன் எண்டு, சிட்னியில! வயித்துக்குத்துக்கு ஒன்பது மணித்தியாலம் கார் ஓடி வருவாங்களா? அங்க டொக்டர்மார் இல்லையா? உங்கள்ட்டத்தான் காட்டோணும் எண்டு போன மாசமே புக் பண்ணியிருக்கிறார்.”

ஜலால்தீன் ஜன்னலருகே போனார்.

கார் பார்க்கில் ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் காரை விட்டு இறங்கி நின்றார்கள். பிரதீப்குமார் அவர்களிடம் ஏதோ சொல்லி, ஜன்னலைக் காட்டினான்.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.