அடிமூட்டைச் சொட்டு

மகள் ஆர்த்தியின் உயிருக்கு ரத்தப் பரிசோதனைக்கூடம் சொன்ன விலை இருநூற்றைம்பது ரூபாய். சக்கரபாணி பேரம் பேசி ஐம்பதைக் குறைத்துவிட்டார். கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரிக்கு, குறைக்காமல் கொடுத்துப் பழக்கமில்லை. ஆர்த்திக்கு டெங்கு, பக்கத்து ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள். ஒன்றரை லட்சம் இருக்கவேண்டிய தட்டணுக்கள் நேற்று முப்பத்தெட்டாயிரம். இன்றும் இறங்கினால் வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும். பரிசோதனைக்கூடத்து எழிலரசி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவற்றை எண்ணுகிறாள், எண்ணிக்கையைக் குறிக்கும் கைக்கருவி டிக் டிக் என்கிறது. வெளியே கிரிவலக் கூட்டத்தை இறக்கும் பேருந்துகள் ஹாரன் அடிக்க, அவள் எண்ணிக்கையைத் தவறவிடுவாளோ என்று அவர் துண்டை முறுக்குகிறார். “ஏம்மா, மல்லாட்ட வாங்கினா அடிமூட்டையிலயும் குத்திப் பாப்பேன். கால்லருந்தும் ஒரு சொட்டு எடுத்துப் பாரேன், அங்க ஜாஸ்தி இருக்கும்.” “ரத்தம் என்னா மூட்டையா, ஒரே எடத்துல கெடக்க? ஓடிக்கினே இருக்குதுங்கண்ணா. கையில இருக்கறதுதான் கால்லயும்.” டிக் நிற்கிறது. எதற்கும் முதலில் தொகையைக் கேட்பவர், இப்போது கேட்காமல் நுண்ணோக்கியில் குனிகிறார். வட்ட வெளிச்சத்தில் ஊதாத் தூசு. “இதுவா? உமி மாதிரி கீதே!” “ஆமாங்கண்ணா, உட்கருகூட இல்லாத துணுக்குங்க. ஆனா ரத்தம் எங்க கசிஞ்சாலும் இதுங்கதான் ஓடிப்போய் அடைக்கணும். நாப்பத்தோராயிரம் இருக்குது.” அவர் கண்ணை எடுக்கவில்லை, உதடு மட்டும் கணக்குப் போடுகிறது. வரவு மூவாயிரம். பாக்கி ஒரு லட்சத்து ஒன்பதாயிரம்.