புறா விரட்டிய சிடி

இதை என்னிடம் சொன்னது ஒரு புறா. அதனால் உண்மையாகத்தான் இருக்கும்.

தமயந்தி வீட்டு பால்கனியில், புறா விரட்டுவதற்காக ஒரு பழைய கார் பந்தய விளையாட்டு சிடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே கம்ப்யூட்டரில் அதே விளையாட்டு, இணையத்திலிருந்து புதிதாக இறங்கி உட்கார்ந்திருந்தது.

"என்ன அண்ணே, காத்து வாங்குறீங்களா?" என்று அந்தப் புது விளையாட்டு சிடியைத் தினமும் சீண்டும். "எனக்குக் கீறலே விழாது. பூட்டுப் போட்ட உடம்பு. திருடன் தொட முடியாது."

"வீட்டுக்காரி தொடலாமா தம்பி?" என்றது சிடி.

ஒருநாள் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் இணைய கேபிளை வெட்டிவிட்டார்கள். தமயந்தி விளையாட உட்கார்ந்தாள். விற்ற கடையை இணையத்தில் கேட்டால்தான் பூட்டு திறக்கும், கடையோ எட்டவில்லை.

"நீங்கள் யார்? நிரூபியுங்கள்" என்றது புது விளையாட்டு.

"டேய், உன்னை வாங்கினதே நான்தான்டா!"

அவள் நேராக பால்கனிக்குப் போய்க் கயிற்றை அறுத்தாள். கீறல் மறைய சிடியில் பற்பசை தேய்த்து, துடைத்து, கம்ப்யூட்டருக்குள் தள்ளினாள். சிடி சுற்றிய சுற்றில் மேசை அதிர்ந்தது. கார் கிளம்பிய வேகத்தில் எதிர்வீட்டுக் கொடியில் ஈரத்துணியெல்லாம் காய்ந்துவிட்டதாம்.

பூட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. "அண்ணே, யாரு ஜெயிக்கிறாங்க?"

"முதல்ல நீ யாருன்னு நிரூபி தம்பி, அப்புறம் சொல்றேன்" என்றது சிடி, சுற்றுவதை நிறுத்தாமல்.