பறக்கும் பல்லியும் ஒரு சம்பந்தமும்

"அப்பா, கையெடுத்துக் கும்புடறேன். அவங்க கெளம்பிப் போற வரைக்கும் அந்தப் பல்லிக் கதைய மட்டும் எடுக்காத."

சரண்யா கெஞ்சுவது காலையிலிருந்து இது நாலாவது முறை. கஞ்சி போட்ட வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த அரங்கநாதன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். இதே தலையாட்டலை நம்பி அவள் ஏற்கெனவே இரண்டு முறை ஏமாந்திருக்கிறாள்.

உறுவையாறு கிராமத்தில் நாலு காணி கரும்பு போட்டிருக்கும் மனிதர். மனைவி போன பிறகு பேச்சுத் துணை இல்லாமல் போனில் வீடியோ பார்க்கத் தொடங்கி, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் பறந்த ராட்சசப் பல்லிகளிடம் போய் மாட்டிக்கொண்டார். அவை எப்படிப் பறந்தன, எதைத் தின்றன என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் எழுந்து ஓடும்வரை நிறுத்த மாட்டார். முதலில் வந்த சம்பந்தம் பஜ்ஜி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டது. அடுத்து வந்த வில்லியனூர்க்காரர்கள் முன்னால் அந்தப் பல்லி மாதிரியே தரையில் கையூன்றி நின்று காட்டினார். அவர்கள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

இந்த இடமாவது அமைய வேண்டும். அடுத்த மாதம் சரண்யா ஓசூரில் வேலைக்குச் சேர்கிறாள். அதற்குள் முடியாவிட்டால் இனி எப்போது?

பதினோரு மணிக்கு கிருமாம்பாக்கத்திலிருந்து மணிவண்ணனும் அவன் தாயார் விஜயராணியும் பைக்கில் வந்து இறங்கினார்கள். அவனுக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை. அந்த அம்மாள் தனியாளாக நெல் பயிரிடுகிறவர். பார்த்ததுமே சரண்யாவுக்கு இருவரையும் பிடித்துவிட்டது.

பஜ்ஜி, காபி, மழை, யூரியா தட்டுப்பாடு என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. விஜயராணிதான் வம்பை விலைக்கு வாங்கினார். வேலை இல்லாத நேரத்தில் பொழுது எப்படிப் போகிறது என்று அரங்கநாதனைக் கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஒட்டகச்சிவிங்கி உயரம், ஒற்றை விரல் நீண்டு இறக்கையையே தாங்குவது, உள்ளே காற்றடைத்த எலும்பு என்று கொட்டினார். சரண்யா கண்ணைக் காட்டினாள், இருமினாள், பஜ்ஜித் தட்டை அவர் மூக்குக்கே நீட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு ஓடி வந்து எழும்ப முடியாது, முன்னங்கையை ஊன்றி ஒரே உந்துதான் என்று சொல்லிக்கொண்டே, கஞ்சி வேட்டியோடு தரையில் நாலு காலில் நின்றுவிட்டார்.

சரண்யாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விஜயராணி அவரை மேலும் கீழும் பார்த்தார். "அது சரி, சாப்பாட்டுக்கு இன்னா பண்ணும்?"

ஏரித் தண்ணீரை உரசிக்கொண்டே பறந்து அலகால் மீனை அள்ளும் என்றார் அரங்கநாதன், தரையிலிருந்தபடியே.

"அம்மாம் பெரிய அலகைத் தண்ணில வுட்டுக்கினு பறந்தா கழுத்து ஒடிஞ்சிப் பூடும். எங்க வயல்ல டிராக்டர் பின்னாடியே கொக்கு நடந்து வந்து கொத்துது பாருங்க, அது மாரி நடந்துதான் தின்னிருக்கும்."

அரங்கநாதன் எழுந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் ஓடிப்போகாமல் அவரோடு மல்லுக்கு நின்ற முதல் ஆள். அவசரமாகப் போனை எடுத்துப் படம் காட்டினார். விஜயராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். நடக்கிற கால்தான் இது என்று அடித்துச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, தனியாகப் பேச வேண்டும் என்று மணிவண்ணன் சரண்யாவைக் கொல்லைப் பக்கம் அழைத்தான். வேண்டாம் என்பதைப் பக்குவமாகச் சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று மனம் சோர்ந்துபோய் அவள் பின்னால் போனாள். உள்ளே அது தின்றது மீனா தவளையா என்று வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார், எங்கப்பா ரொம்ப நல்லவரு" என்றாள்.

மணிவண்ணன் சிரித்தான். "எங்கப்பா போனதுலேர்ந்து எங்கம்மா இப்டி வாய் நெறயப் பேசி நான் பாத்ததே இல்ல. இன்னும் இன்னா சாரு, அண்ணன்னு கூப்புடு. உங்கப்பாவுக்கும் எங்கம்மாவுக்கும் கல்யாணம்னா, ரிஜிஸ்தர் ஆபீசுல சாட்சிக் கையெழுத்து நாம ரெண்டு பேருந்தான போடணும்?"