இரண்டாவது பிரேக்

வீரணனின் பழைய லாரியில், அவர் மனைவி ஒச்சம்மா உட்காரும் பக்கத்து ரப்பர் மேட்டில் குதிகால் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் கேலிபர்களையும், தொட்டதும் துருவாய் உதிர்ந்த பைப்புகளையும் மாற்றி முடித்த மெக்கானிக் லூர்து அதைப் பார்த்துச் சிரித்தான்.

“ஏண்ணே, இந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருந்துச்சோ?”

“அதுதேன் இம்புட்டு நாளா வண்டிய நிப்பாட்டுச்சு,” என்றாள் ஒச்சம்மா. அவள் சிரிக்கவில்லை. போன வாரம் எட்டாவது வளைவில் பெடல் பொசுக்கென்று அடிவரை இறங்கிவிட, பாறையில் உரசவிட்டுத்தான் வீரணன் வண்டியை நிறுத்தியிருந்தார்.

“புது மேட்டு போட்டுரவா, மதினி?”

“மலை எறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

மறுநாள் காலையில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கினார்கள். மொத்தம் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஓட்டைக்குள் குதிகாலை அழுத்தி வளைவின் எண்ணைச் சொல்லுவாள் ஒச்சம்மா; சொல்லாவிட்டால் வண்டி திரும்பாது என்பதுபோல. ஒன்று, இரண்டு என்று இன்றும் எண்ணிக்கொண்டு வந்தாள். வண்டி சொன்ன பேச்சு கேட்டது. ஏழாவதில் சத்தத்தைக் காணோம். திடுக்கிட்டுத் திரும்பினார் வீரணன்.

இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கிவைத்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எட்டாவது வளைவு வந்தது. மிதித்தார். அவள் தலைகூட ஆடவில்லை.

“எட்டு,” என்றார், அவள் காதில் விழாதபடி.