நார்மனின் ஞாயிறு ஜெபம்

நார்மன் கண்களை மூடி, தலையைக் குனிந்து, பைபிளை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பார்ப்பவர்களுக்கே பக்தி வந்துவிடும். அவருக்கு முன்னால் இருந்தது பலிபீடம் அல்ல. வறுத்த ஆட்டுத்தொடை, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங் எனும் உப்பலான ரொட்டி, எல்லாவற்றின் மேலும் ஊற்றிய மசாலா கிரேவி.

இங்கிலாந்தின் வெஸ்ட் ப்ராம்விச்சில் சுக்தேவ் நடத்தும் பப்பில், ஞாயிறு மதியம் இந்த 'ரோஸ்ட்' சாப்பாடு கிடைக்கும். நார்மன் உயிர் வாழ்வதே இதற்காகத்தான். இதனாலேயே போயிருக்க வேண்டிய உயிரும்கூட.

கிறிஸ்துமஸுக்கு முன் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய அன்றே, மனைவி பெரில் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "அந்தப் பப்புல இன்னொரு தடவ உன்னப் பாத்தேன், நாப்பத்தொம்பது வருஷக் குடித்தனம் போதும்னு அக்கா வீட்டோட போயிடுவேன்." பெரில் சொன்னால் செய்கிறவள்.

அன்றிலிருந்து நார்மன் ஞாயிறுதோறும் பைபிளோடு 'சர்ச்சுக்கு'க் கிளம்புகிறார். அந்த நேரம் பார்த்துப் பெரிலும் அக்காவைப் பார்க்கப் போய்விடுவதைக் கர்த்தரின் கிருபை என்றே நம்பினார்.

கண்ணைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டவர், முகத்தைச் சுளித்தார். "ஏம்ப்பா சுக்தேவ், பக்கத்து மேசை லெஸ் தட்டுல நெருப்பு பறக்குது. எனக்கு மட்டும் உப்புமில்ல, ஒறப்புமில்ல. ஈஸ்டர்லேர்ந்து இதே கதைதான்."

"சமையல்கட்டு விவகாரம், அங்கிள். நான் இங்க முதலாளி மட்டும்தான்."

"உன் மூஞ்சிக்கு இது போதும்னு விட்டிருப்பாங்க" என்றார் லெஸ், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

வாசல் கதவு திறந்தது. ஊருக்குப் புதிதாக வந்த பாதிரியம்மா, ஆராதனை முடிந்த கையோடு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

நார்மன் பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் முன்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டதாகப் பெரிலிடம் சொல்லி, பிரசங்கத்தையும் அவரே இட்டுக்கட்டிச் சொல்லி வந்திருந்தார். வரும் செவ்வாயன்று இந்த அம்மாள் பெரிலோடு தேநீர் குடிக்க வீட்டுக்கே வருகிறார்.

நார்மன் மேசைக்கு அடியில் போனார். அங்கிருந்து தவழ்ந்தே சுக்தேவின் காலடிக்கு வந்து சேர்ந்தார்.

"பின்வாசல் எங்கடா?"

"சமையல்கட்டு வழியாத்தான். ஆனா நீங்க உள்ள போகக்கூடாது, அங்கிள்."

"பெரில் போயிடுவாடா. அவ இல்லாம எனக்கு ஒரு சாக்ஸ் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

"நீங்க உள்ள போனா என் கடை போயிடும்." சுக்தேவ் கதவை மறித்து நின்றான். அவனுக்கும் வேர்த்திருந்தது.

எழுபத்துநாலு வயதில் ஒருவர் இன்னொருவரின் கால்களுக்கிடையே புகுந்து போக முடியாது என்பார்கள். நார்மன் போனார்.

உள்ளே ஒரே புகை. புகைக்கு நடுவே பெரில் நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து கிடந்தது. கையில் ஒரு முழ நீளத்துக்குக் கத்தி.

யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பின்பக்கமாக வந்து மடக்கிவிட்டாள். ஏற்கெனவே தரையில் இருந்ததால், மண்டியிடுவதற்கென்று அவர் தனியாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"பெரில், போயிடாதடி. இனிமே இந்தத் தெருப்பக்கமே தலவச்சுப் படுக்க மாட்டேன். ரோஸ்ட்டே வேணாம். நீ அவிச்சுப் போடற காலிஃப்ளவரையே சாகற வரைக்கும் தின்னுட்டுக் கெடக்கறேன். அந்த வீட்டுல தனியா உக்காந்து நான் யார் மூஞ்சியப் பாப்பேன்?"

அழுகை நிஜமாகவே வந்தது. பெரில் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

பரிமாறும் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. வேறு வழியில்லாமல் சுக்தேவின் குரல் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது.

"பெரில் ஆன்ட்டி, பாதிரியம்மா மேசைக்கு ஆறு ரோஸ்ட் போடுங்க."